தொலைதூரப் பூர்வகுடி வானொலி நிகழ்ச்சிக்குப் பணம் திரட்டுவது எப்படி: ஆஸ்திரேலிய உட்பகுதிக்கான முழு வழிகாட்டி

ஆஸ்திரேலியாவின் நடுப்பாலைவனத்திலும் வடகோடியிலும் இருக்கிற பூர்வகுடி ஊர்களில் நம் ஆட்களும் வேலை பார்க்கிறார்கள். செவிலியர், கணக்காளர், ஆசிரியர், ஊர் அலுவலக மேலாளர் என்று பல வேலைகள். கொஞ்ச நாள் போனதும் யாராவது ஒரு பெரியவர் வந்து, "நீ ஃபார்ம் எல்லாம் நல்லா நிரப்புவியாமே, நம்ம ரேடியோவுக்கு ஒரு கிராண்ட் எழுதிக் கொடு" என்பார். அப்படிக் கேட்கப்பட்டவருக்காகத்தான் இது. ஸ்டுடியோ ஏற்கெனவே இருக்கிறது, அந்த ஊர்க்காரர்களே அவர்கள் மொழியில் ஒரு நிகழ்ச்சி செய்ய நினைக்கிறார்கள், கையில் பணம் இல்லை என்ற நிலையை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். புதிதாக நிலையம் தொடங்குவது, உரிமம் வாங்குவது எல்லாம் தனிக்கதை.

பெட்டி வந்தது, சம்பளம் வரவில்லை

விண்ணப்பத்தைத் திறக்கும் முன் கொஞ்சம் வரலாறு தெரிந்திருப்பது நல்லது. பட்ஜெட்டில் எதை முதலில் போடுவது என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

1980இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 'காமா' எனப்படும் மத்திய ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஊடகச் சங்கம் தொடங்கியது. அதே பத்தாண்டின் முற்பகுதியில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து தனாமி சாலையில் சுமார் 290 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் யூண்டுமுவிலும், தென் ஆஸ்திரேலியாவின் எர்னபெல்லாவிலும் ஊர் மக்கள் உரிமம் எதுவும் இல்லாமலேயே சொந்தமாக வீடியோ எடுத்து ஒளிபரப்பத் தொடங்கினார்கள். 1985இல் ஆஸ்சாட் செயற்கைக்கோள் மேலே போனது. நகரத்து டிவியும் ரேடியோவும் பாலைவனம் முழுக்க விழப்போகின்றன, நம் மொழி என்ன ஆகும் என்ற கவலை பிறந்தது. அரசு 1987இல் 'பிராக்ஸ்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. ஏறத்தாழ 80 ஊர்களுக்கு செயற்கைக்கோள் டிஷ், சிறு டிரான்ஸ்மிட்டர், கேமரா, மைக், கூடவே வெளியிலிருந்து வரும் அலைவரிசையை நிறுத்திவிட்டு ஊர் நிகழ்ச்சியைப் போட ஒரு சுவிட்ச்.

யோசனை அருமை. ஆனால் அந்த சுவிட்சைத் தட்ட உட்காரும் ஆளுக்குச் சம்பளமோ முறையான பயிற்சியோ திட்டத்தில் சரியாக இல்லை. பல ஊர்களில் சி.டி.இ.பி. என்ற வேலைத்திட்டத்தின் பணத்தில்தான் அறிவிப்பாளர்கள் தாக்குப்பிடித்தார்கள். 1977இல் தொடங்கிய அந்தத் திட்டத்தையும் அரசு படிப்படியாக மூடிவிட்டது. ஓட்டை பெரிதானது. இன்றும் பல விண்ணப்பங்கள் புது மிக்சர், புது லேப்டாப் என்று கருவிப் பட்டியலோடுதான் தொடங்குகின்றன. தொலைதூர வானொலிக்கு மைக்கைவிட, அதன் முன்னால் உட்காருகிறவரின் ஊதியம்தான் பெரிய செலவு. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு படியும் எளிதாகிவிடும்.

படி 1: யாருடைய பெயரில் கேட்பது

மானியம் தனி ஆளுக்குக் கிடைப்பது அரிது. சட்டப்படி பதிவான ஓர் அமைப்பு வேண்டும். பூர்வகுடி அமைப்புகள் பெரும்பாலும் பூர்வகுடி அமைப்புகளுக்கென்றே உள்ள 2006ஆம் ஆண்டின் காட்ஸி என்ற கூட்டரசுச் சட்டப்படி 'ஓரிக்' எனப்படும் பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். ஓரிக் தளத்தில் அமைப்பின் பெயரைத் தட்டினால் யார் யார் இயக்குநர்கள், ஆண்டறிக்கை கொடுத்தார்களா என்பதெல்லாம் வெளிப்படையாகத் தெரியும். உங்களுக்குத் தெரிவது மதிப்பீடு செய்பவருக்கும் தெரியும். போன வருட அறிக்கை பாக்கி இருந்தால் முதலில் அதை முடியுங்கள்.

ஊரில் அப்படிப்பட்ட அமைப்பு இல்லை அல்லது அது தள்ளாடுகிறது என்றால், வட்டார ஊடக அமைப்பின் தோளில் ஏறிக்கொள்வதே புத்திசாலித்தனம். யூண்டுமுவில் பா மீடியா, புரூமில் பாகம், டார்வினில் டீப்பா, மேற்குப் பாலைவனத்தில் என்.ஜி. மீடியா என்று தொலைதூர ஊர்களின் ஸ்டுடியோக்களைத் தாங்கும் குடை அமைப்புகள் இருக்கின்றன. ஊரில் பேசுவதை வாங்கி செயற்கைக்கோள் வழியாக மற்ற ஊர்களின் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்களுக்கு அனுப்புவதும் பெரும்பாலும் இவர்களின் வேலைதான். இவர்கள் பெயரில் விண்ணப்பித்து, பணத்தை இவர்கள் கணக்கில் வைத்து, வேலையை ஊரில் செய்யலாம். இந்த ஏற்பாட்டை இங்கே 'ஆஸ்பைஸ்' என்பார்கள். அதற்கு நிர்வாகச் செலவாக ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள். எத்தனை விழுக்காடு என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். நிகழ்ச்சியின் உரிமை ஊருக்கே என்ற வரியும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தப் 'பிறகு' வராது.

ஓர் எல்லைக்கோடும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே நிதியாண்டில் 5 லட்சம் டாலரோ அதற்கு மேலோ கூட்டரசின் பூர்வகுடி மேம்பாட்டு நிதியிலிருந்து வாங்கும் அமைப்பு, மாநிலச் சட்டப்படி பதிவானதாக இருந்தால் பொதுவாகப் போதாது. கூட்டரசுச் சட்டத்துக்கு மாற வேண்டும். சின்ன நிகழ்ச்சிக்கு இது குறுக்கே வராது. குடை அமைப்புகளுக்குத்தான் பொருந்தும்.

படி 2: எந்தப் பையில் எந்தப் பணம்

ஒரே இடத்தில் எல்லாவற்றையும் கேட்பதுதான் பலரும் தோற்கும் இடம். ஒவ்வொரு நிதிக்கும் ஒரு குணம் உண்டு.

முதலாவது, என்.ஐ.ஏ.ஏ. எனப்படும் தேசியப் பூர்வகுடி ஆஸ்திரேலியர் முகமை. 2019 ஜூலை 1இல் உருவானது. அது நடத்தும் பூர்வகுடி மேம்பாட்டு நிதி 2014இலிருந்து இருக்கிறது. அதில் பண்பாடு, திறன் வளர்ச்சி என்ற பிரிவிலிருந்துதான் பூர்வகுடி ஒலிபரப்புக்குப் பணம் வருகிறது. நிலையத்தின் அன்றாட ஓட்டம், நிரந்தர ஆட்களின் சம்பளம் போன்ற பெரிய, பல ஆண்டுச் செலவுகளுக்கான இடம் இது. ஒரு தனி நிகழ்ச்சிக்காக இந்தக் கதவைத் தட்டுவது வீண் அலைச்சல். ஆனால் உங்கள் குடை அமைப்புக்கு ஏற்கெனவே இங்கிருந்து பணம் வருகிறதா, அதில் உங்கள் ஊர் ஒலிபரப்பாளருக்கு எத்தனை மணி நேர ஊதியம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே மணி நேரத்துக்கு இரண்டு நிதியிலிருந்து பணம் வாங்கினால் பின்னால் வம்பு.

இரண்டாவது, சி.பி.எஃப். என்ற சமூக ஒலிபரப்பு அறக்கட்டளை. 1984இலிருந்து இயங்குகிறது. கூட்டரசு தரும் பணத்தை, அரசின் கை நேரடியாகப் படாமல், நாடு முழுக்க உள்ள சமூக வானொலிகளுக்குப் பிரித்துத் தருகிறது. ஆண்டுக்கு 2 கோடி டாலர் அளவில் புழங்கும் இடம். மெல்பர்ன், பிரிஸ்பேன் போன்ற ஊர்களின் பன்மொழிச் சமூக வானொலிகளில் ஒலிக்கும் தமிழ் நிகழ்ச்சிகளில் கை வைத்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்காது. புலம்பெயர் மொழி நிகழ்ச்சிகளுக்கான உதவியும் இதே அறக்கட்டளையிலிருந்துதான் வருகிறது. உள்ளூரில் செய்யும் பூர்வகுடி நிகழ்ச்சிக்கு நீங்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே. நிகழ்ச்சித் தயாரிப்பு, நிலைய நடப்புச் செலவு, கருவி என்று அது தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும். திட்டங்களின் பெயர்களும் தேதிகளும் அவ்வப்போது மாறும் என்பதால் அவர்கள் தளத்தில் அந்த ஆண்டின் வழிகாட்டுக் குறிப்பை இறக்கி முழுதாகப் படியுங்கள். வேறு ஒருவர் அனுப்பிய பழைய பிடிஎஃப்பை நம்ப வேண்டாம்.

மூன்றாவது, கூட்டரசின் பூர்வகுடி மொழிகள், கலைகள் திட்டம். உங்கள் நிகழ்ச்சி முதியவர்களின் கதையைப் பதிவு செய்வது, பிள்ளைகளுக்கு மொழி கற்றுத் தருவது என்ற வகையில் இருந்தால் இது பொருந்தும். பக்கத்தில் மொழி மையம் இருந்தால் அவர்களோடு சேர்ந்து கேட்பது இன்னும் நல்லது.

பிறகு இடம்சார்ந்தவை. மேற்கு ஆஸ்திரேலியாவில் அரசு லாட்டரியான லாட்டரிவெஸ்ட், லாப நோக்கமில்லாத அமைப்புகளுக்கு மானியம் தருகிறது. கருவி, வண்டி, கட்டடம் போன்ற ஒருமுறைச் செலவுகளுக்கு நல்ல இடம். வடக்குப் பிரதேசத்தில் சுரங்க வருவாயின் வழி வரும் பணத்தை இப்போது பூர்வகுடியினரே பெரும்பான்மையாக இருக்கும் முதலீட்டுக் கழகம் ஒன்று கையாள்கிறது. வேலைவாய்ப்பு வழியும் உண்டு: தொலைதூர ஊர்களில் 3,000 வேலைகளை உருவாக்கும் இலக்கோடு 2024இல் ஒரு கூட்டரசுத் திட்டம் தொடங்கியது. ஊர் அமைப்பு ஓர் இளைஞரை ஒலிபரப்பாளராக வேலைக்கு வைக்க அதன் வழி ஊதியம் கேட்கலாம். சி.டி.இ.பி. போன இடத்தில் விழுந்த ஓட்டையை அடைக்க இப்போது கண்ணில் படும் வழிகளில் இது ஒன்று. ஊடகக்காரர்கள் இதை அதிகம் கவனிக்கவில்லை என்பது என் எண்ணம்.

கடைசியாக, நீங்களே சம்பாதிப்பது. சமூக வானொலியில் விளம்பரம் போட 1992ஆம் ஆண்டின் ஒலிபரப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆதரவாளர் அறிவிப்பு போடலாம். மணிக்கு 5 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது, இன்னார் ஆதரவு தருகிறார் என்ற குறிப்பும் அதில் இருக்க வேண்டும். பாலைவன ஊரில் ஆதரவு தர யார் இருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். ஊர்க் கடை இருக்கிறது, சுகாதார நிலையம் இருக்கிறது, நில மன்றம் இருக்கிறது. சர்க்கரை நோய், சிறுநீரகம், தடுப்பூசி பற்றி உள்ளூர் மொழியில் சொல்ல சுகாதாரத் துறைக்கு ஆள் தேவை. அந்த மொழி பேசும் அறிவிப்பாளர் உங்களிடம் இருக்கிறார். அதை இலவசமாகச் செய்து கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள். மொழிபெயர்ப்பு, பதிவு, ஒலிபரப்பு மூன்றுக்கும் தனித்தனி விலை போட்டு ஒரு பக்கத் தாள் அச்சடித்து வையுங்கள்.

படி 3: ஊரில் உட்கார்ந்து பேசுவது

நிகழ்ச்சி என்ன என்பதை அலுவலக அறையில் இருந்து முடிவு செய்யாதீர்கள். யார் பேசலாம், எந்தக் கதையை யார் சொல்லலாம், எது ஆண்களுக்கு மட்டும், எது பெண்களுக்கு மட்டும் என்பதற்கெல்லாம் அங்கே உறுதியான வழக்கு உண்டு. ஒரு நிலத்தின் கதையைச் சொல்ல அந்த நிலத்துக்கு உரியவர்தான் தகுதியானவர். நன்றாகப் பேசுகிறார் என்பதற்காக வேறொருவரை உட்கார வைக்க முடியாது. இந்த ஒப்புதலைப் பேசி வாங்க வாரக்கணக்கில் ஆகலாம். ஆகட்டும். கடைசி வாரம் ஓடிப்போய்க் கையெழுத்து கேட்டால் கிடைக்கும், ஆனால் நிகழ்ச்சி பாதியில் நிற்கும்.

பேசும்போதே மூன்று கேள்விகளுக்கு விடை வாங்கிவிடுங்கள்: எந்த மொழியில், யார் கேட்பதற்காக, பதிவுகள் பிறகு யாரிடம் இருக்கும். மூன்றாவதைப் பலர் மறந்துவிடுவார்கள். இறந்தவரின் பெயரையும் குரலையும் ஒலிபரப்பாமல் சில காலம் ஒதுக்கி வைப்பது பல ஊர்களின் வழக்கம். எந்தப் பதிவில் யார் குரல் இருக்கிறது என்று குறித்து வைக்காவிட்டால், ஒரு மரணம் நேர்ந்த அன்றைக்கு எதை நிறுத்துவது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே பதிவேடு பராமரிப்பதும் ஒரு வேலை, அதற்கும் பட்ஜெட்டில் மணி நேரம் வேண்டும்.

படி 4: பட்ஜெட்

இதில்தான் விண்ணப்பம் ஜெயிப்பதும் தோற்பதும். வார்த்தையில் எழுதுவதற்கு முன்பே இதைப் போட்டுவிடுங்கள்.

டாலரில் தொடங்காமல் மணி நேரத்தில் தொடங்குங்கள். உதாரணத்துக்கு, வாரம் அரை மணி நேரம், வார்ல்பிரி மொழியில், 26 வாரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பகுதிக்கு ஆளைத் தேடிப்போய் பேசிச் சம்மதம் வாங்க 2 மணி, பதிவுக்கு இரண்டு பேருக்குச் சேர்த்து 4 மணி, எடிட்டிங் 4 மணி, பெரியவர் ஒருவர் உட்கார்ந்து கேட்டுச் சரிபார்க்க 1 மணி, பதிவேட்டில் ஏற்ற 1 மணி. மொத்தம் 12. 26 வாரத்துக்கு 312 மணி நேரம். இந்த எண்கள் உங்கள் ஊருக்கு மாறும். ஆனால் இப்படி மடக்கி மடக்கிக் கணக்கு காட்டினால், இவ்வளவு எதற்கு என்று மதிப்பீட்டாளர் கேட்க இடமே இருக்காது. ஊதிய விகிதத்தை அந்தத் துறைக்கான அவார்டிலிருந்து (சட்டப்படியான குறைந்தபட்ச ஊதிய விதிகள்) எடுங்கள். அதன்மேல் சூப்பர் எனப்படும் ஓய்வுக்காலச் சேமிப்புக்கு 12 விழுக்காடு (2025 ஜூலையிலிருந்து இதுதான் விகிதம்), தொழிலாளர் காப்பீடு, தற்காலிக ஊழியர் என்றால் அதற்குரிய கூடுதல் படி. இவற்றை விட்டுவிட்டால் கடைசி இரண்டு மாதத்துக்குச் சம்பளம் இருக்காது.

கதை சொல்ல வரும் முதியவர்களுக்குக் கொடுக்கும் தொகை தனி வரியில் வரட்டும். அவர்கள் ஊழியர் அல்ல, பெரும்பாலும் ஏ.பி.என். எனப்படும் தொழில் பதிவு எண்ணும் இருக்காது. எண் இல்லாதவருக்குப் பணம் கொடுக்கும்போது 47 விழுக்காடு வரி பிடிக்கச் சொல்கிறது விதி. அவருக்கு அது தொழில் அல்ல என்றால் வரித்துறையின் ஒரு பக்க உறுதிமொழிப் படிவத்தை நிரப்பி வாங்கி வைத்துக்கொள்ளலாம், அப்போது பிடிக்க வேண்டியதில்லை. முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர் என்றால் இந்த வருமானத்தை அந்தத் தொகையைத் தரும் அரசு அலுவலகமான சென்டர்லிங்கில் சொல்ல வேண்டியிருக்கும். முன்கூட்டியே அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். 200 டாலர் கொடுத்து அவருக்குத் தலைவலியையும் சேர்த்துக் கொடுக்கக்கூடாது.

அப்புறம் தூரம். டீசல், வண்டி, டயர், தங்கும் இடம், சரக்குக் கட்டணம். ஒரு டெக்னீஷியன் டார்வினிலிருந்தோ ஆலிஸிலிருந்தோ வந்து போவதற்கு ஆகும் செலவில் நகரத்து நிலையம் ஒன்று புது மைக்கே வாங்கிவிடும். நகரத்தில் இருந்து படிக்கும் மதிப்பீட்டாளருக்கு இது புரிய, கிலோமீட்டரையும் சாலையின் தன்மையையும் ஒரு வரியில் எழுதுங்கள். தூசியும் வெயிலும் ஹார்ட் டிஸ்க்கைத் தின்னும் என்பதால் பிரதி எடுக்க இரண்டாவது டிஸ்க், ஊருக்கு வெளியே ஒரு பிரதி. பாட்டு போடும் நிலையம் என்றால் இசை உரிமக் கட்டணம் யார் கட்டுகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் குடை அமைப்பு கட்டியிருக்கும். எல்லாத் தொகையும் ஜி.எஸ்.டி. சேர்க்காமலா சேர்த்தா என்பதைக் குறிப்பைப் பார்த்து ஒரே மாதிரி போடுங்கள்.

நீங்கள் பணமாகக் கொடுக்காத பங்களிப்பையும் காட்டுங்கள்: ஸ்டுடியோ இடம், கரன்ட், குடை அமைப்பின் செயற்கைக்கோள் இணைப்பு, தன்னார்வ நேரம். ஆனால் உள்ளூர் ஆட்களின் உழைப்பு முழுவதையும் 'தன்னார்வம்' என்று போட்டுவிடாதீர்கள். பணக்கார நகரத்து வானொலிக்கு அது சரிவரலாம். வேலையே இல்லாத ஊரில் அது மறுபடியும் பிராக்ஸ் கதைதான்.

படி 5: எழுதுவது

மதிப்பீடு செய்கிறவர்களில் பலர் சமூக வானொலித் துறையிலேயே இருப்பவர்கள். ஆகவே அலங்காரம் வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் முதல் வரியில் நேரான பதில், பிறகு ஆதாரம்.

மொழி ஏன் முக்கியம் என்பதற்கு நாட்டு அளவிலான எண்கள் கையில் இருக்கட்டும். ஆஸ்திரேலியாவில் ஒரு காலத்தில் 250க்கும் மேற்பட்ட பூர்வகுடி மொழிகள் இருந்தன. 2020இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு, புழக்கத்தில் உள்ளவை 123 என்றும், அவற்றில் ஓரளவு வலுவாக இருப்பவை 12தான் என்றும் சொன்னது. இரண்டே வரியில் இதைச் சொல்லிவிட்டு உங்கள் ஊருக்கு வந்துவிடுங்கள்: அங்கே எத்தனை பிள்ளைகள் வீட்டில் அந்த மொழி பேசுகிறார்கள், மழைக்காலத்தில் சாலை அடைபடும்போது செய்தி எப்படிப் போகிறது, மருத்துவமனையின் ஆங்கில அறிவிப்பு யாருக்குப் புரிகிறது. மதிப்பெண் இங்கேதான் விழும்.

பூர்வகுடியினருக்கும் மற்றவர்களுக்கும் உள்ள வாழ்க்கைநிலை வேறுபாட்டைக் குறைக்க 2020இல் கையெழுத்தான இடைவெளி குறைப்பு ஒப்பந்தத்தில் 16ஆவது இலக்கு மொழிகளின் வலிமை பற்றியது, 17ஆவது டிஜிட்டல் வசதி, தகவல் கிடைப்பது பற்றியது. அரசுப் பணம் வரும் எந்த நிதியிலும் இந்த இரண்டோடு உங்கள் நிகழ்ச்சியை முடிச்சுப் போட்டுக் காட்டுவது பயன் தரும். ஒரு பத்தி போதும்.

"எத்தனை பேர் கேட்பார்கள்" என்ற கேள்விக்குத்தான் திணறுவார்கள். 400 பேர் உள்ள ஊரில் நேயர் கணக்கெடுப்பு யாரும் செய்வதில்லை. பெரிய எண்ணைப் புனைய வேண்டாம். ஊர் மக்கள்தொகை, குடை அமைப்பு எத்தனை ஊர்களுக்கு அனுப்புகிறது, கடையிலும் சுகாதார நிலையத்திலும் ரேடியோ ஓடுகிறதா, பாட்டு கேட்டு எத்தனை அழைப்புகள் வருகின்றன என்று உண்மையாகத் தெரிந்ததை எழுதுங்கள்.

ஆதரவுக் கடிதங்கள் மூன்று போதும்: ஊர்ப் பெரியவர்கள் அல்லது ஊர்க்குழு, ஒலிபரப்பும் அமைப்பு, நிகழ்ச்சியால் பயன்பெறும் ஓர் இடம் (பள்ளி, சுகாதார நிலையம்). எல்லாக் கடிதமும் ஒரே ஆள் எழுதியது மாதிரி இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். பெரியவர் எழுத விரும்பாவிட்டால் அவர் மொழியிலேயே பேசச் சொல்லிப் பதிவு செய்து, மொழிபெயர்ப்போடு இணைக்கலாமா என்று நிதி அமைப்பைக் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. அனுப்பும் முன் நிதி அமைப்பின் அலுவலரிடம் ஒருமுறை போனில் பேசுவதும் நல்ல பழக்கம். தகுதி இல்லாத செலவை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

படி 6: நாட்காட்டி

வடக்கே நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை. சாலை மூடினால் டெக்னீஷியன் வர முடியாது. வெளியூர்ப் பதிவுகளை வறண்ட மாதங்களில் வையுங்கள். பாலைவனத்தில் கோடையில் சடங்குக் காலம் வரும், ஆட்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். கால்பந்துப் போட்டி வாரமும் அப்படித்தான். 26 பகுதிகளுக்கு 26 வாரம் என்று திட்டம் போட்டால் தப்பாது சறுக்கும். 26 பகுதிகளுக்கு 40 வாரம் என்று போட்டு, காரணத்தையும் எழுதுங்கள். ஊரில் ஒரு மரணம் நேர்ந்தால் 'சாரி பிசினஸ்' எனப்படும் துக்கச் சடங்குகள் முடியும்வரை ஸ்டுடியோ பூட்டியிருக்கும். இதை அபாயப் பட்டியலில் மறைக்காமல் எழுதுவது, உங்களுக்கு ஊர் தெரியும் என்பதற்குச் சான்று.

படி 7: பணம் வந்த பிறகு

ஒப்பந்தம் வந்ததும் இரண்டு தேதிகளைச் சுவரில் ஒட்டுங்கள்: இடைக்கால அறிக்கை, இறுதிக் கணக்கு. மானியத்துக்கென்று கணக்குமென்பொருளில் தனிக் குறியீடு போடுங்கள். டைம்ஷீட்டை வாரா வாரம் வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து ஞாபகத்திலிருந்து நிரப்பியது பார்த்தாலே தெரியும். தொகை பெரிதென்றால் தணிக்கை செய்த கணக்கு கேட்பார்கள், தணிக்கையாளர் கட்டணத்தையும் பட்ஜெட்டிலேயே போட்டிருக்க வேண்டும்.

திட்டம் தள்ளிப்போனால், அறிவிப்பாளர் ஊரை விட்டுப் போனால், ஒரு வரிப் பணத்தை இன்னொரு வரிக்கு மாற்ற நினைத்தால், செலவழிக்கும் முன்பே மின்னஞ்சலில் அனுமதி கேளுங்கள். முன்கூட்டிக் கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். செலவழித்துவிட்டுச் சொன்னால் பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

இறுதி அறிக்கையோடு இரண்டு மூன்று நிமிட ஒலித்துண்டு ஒன்றை இணையுங்கள். அதை வெளியே காட்டலாம் என்று பேசியவரின் ஒப்புதலோடு. எத்தனை உள்ளூர் ஆட்களுக்கு எத்தனை மணி நேர ஊதியம் போனது என்ற எண் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். அடுத்த சுற்றுக்கான விண்ணப்பத்தை இந்த அறிக்கை எழுதும் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். டைம்ஷீட், டீசல் ரசீது, உண்மையில் ஒரு பகுதிக்கு எத்தனை மணி ஆனது என்ற கணக்கு எல்லாம் அப்போது மேசை மேலேயே இருக்கும். 12 என்று போட்டது 15 ஆகியிருந்தால் இந்த முறை 15 என்றே கேட்கலாம்.